ஆர்டர் நின்ற மாதங்களில் படித்த பைத்தான்: சிஎஸ்50பி பற்றி

2025 ஆகஸ்ட் 27 அன்று நம் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. திருப்பூரில் நான் மெர்ச்சன்டைசராக (பையரின் ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்புவது வரை கவனிப்பவர்) இருக்கும் பனியன் கம்பெனிக்கு பையர்கள் எல்லாம் அங்கேதான். செப்டம்பர் நடுவில், "கூப்பிடும்போது வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வேலை போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. வேறு இடம் பார்ப்பதா, காத்திருப்பதா என்று வீட்டில் தினமும் அதே பேச்சு. அந்த நாட்களில்தான் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இலவச ஆன்லைன் பாடமான சிஎஸ்50பி-யைத் தொடங்கினேன்.

ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மேலன் நடத்துகிறார். 0 முதல் 9 வரை பத்து வாரப் பாடம். வாரம் என்பது பெயருக்குத்தான், நம் வேகத்தில் போகலாம். அவர் கொஞ்சம் வேகமாகப் பேசுவார். நான் வீடியோவின் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து, சப்டைட்டில் போட்டுப் பார்த்தேன். புரோகிராம் எழுதுவது பிரவுசரிலேயே என்பதால் என் பழைய லேப்டாப்பே போதுமாக இருந்தது.

இந்தப் பாடத்தின் உயிர் வீடியோவில் இல்லை, நாமே புரோகிராம் எழுதிப் போட வேண்டிய கணக்குகளில் இருக்கிறது. எழுதி முடித்ததும் செக்50 என்ற கட்டளையை ஓட்டினால், ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு முகம் வரும். சரி என்றால் பச்சையில் சிரிக்கும், தப்பு என்றால் சிவப்பில் அழும்.

மூன்றாம் வாரத்தில் தேதியை மாற்றும் கணக்கு ஒன்று. அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வரும் 9/8/1636 என்ற தேதியை, ஆண்டு முதலில் வரும்படி எழுத வேண்டும். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சில வருடம் முன்பு ஒரு பையரின் ஷீட்டில் இருந்த 03/04-ஐ ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டு, மார்ச் 4-க்குப் போக வேண்டிய சரக்கைக் கடைசி நேரத்தில் ஏர் ஷிப்மென்டில் அனுப்பிய கதை எங்களுக்கு உண்டு. இந்தத் தலைவலியை யாரோ பாடமாகவே வைத்திருக்கிறார்கள்!

என் புரோகிராம் 1636-9-8 என்று காட்டியது. சிவப்பு. மாதமும் தேதியும் இரண்டு இலக்கத்தில் வர வேண்டும். அதைச் சரிசெய்தால், மாதம் 12-ஐத் தாண்டினாலும் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. மறுபடி சிவப்பு. பாடத்துக்கென்றே ஒரு வாத்து இருக்கிறது, ஏஐ உதவியாளர். அதனிடம் கேட்டால் விடையைச் சொல்லாது, "பயனர் மாதத்தை 13 என்று கொடுத்தால் உங்கள் புரோகிராம் என்ன செய்யும்?" என்கிற மாதிரி திருப்பிக் கேட்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, போகப்போகப் பிடித்துவிட்டது. இரவு பதினொன்றரைக்கு எல்லாம் பச்சை.

"ஏங்கண்ணு, இன்னும் தூங்கலையா?" என்று அத்தை எழுந்து வந்தார்.

"எல்லாம் பச்சையாயிருச்சுங்க அத்தை."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். கம்பெனி, கடன், பையனின் ஃபீஸ் என எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்றே பதில் வந்த காலத்தில், சரியா தப்பா என்று ஒரே நிமிடத்தில் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

கடைசியில் சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். நான் எடுத்தது பேக்கிங் லிஸ்ட், அதாவது எந்தப் பெட்டியில் எந்த சைஸ் எத்தனை என்ற பட்டியல். 4,800 பீஸ், எஸ் முதல் எக்ஸ்எல் வரை நான்கு சைஸுக்கு 1:2:2:1 ரேஷியோ, கார்ட்டனுக்கு 24 பீஸ் என்று கொடுத்தால், 200 கார்ட்டன், ஒவ்வொன்றிலும் 4, 8, 8, 4 என்று பிரித்துக் கொடுக்கும். பத்து வருடமாகக் கையால் போட்ட கணக்கு. அதற்கான சோதனைகளையும் நாமே எழுதி, மூன்று நிமிடத்துக்குள் ஒரு வீடியோவில் விளக்க வேண்டும். என் ஆங்கிலத்தில் அதைப் பேசி முடிக்க ஆறு தடவை பதிவு செய்தேன்.

ஒவ்வொரு வாரத்துக் கணக்கிலும் 70 சதவீதமாவது எடுத்து, ப்ராஜெக்டையும் கொடுத்தால் சிஎஸ்50 சான்றிதழ் இலவசம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளம் வழியாக வரும் சான்றிதழுக்குத்தான் பணம். இதை வைத்து வேலை கிடைக்குமா என்று கேட்காதீர்கள். நான் இன்னும் வாரத்தில் மூன்று நாள்தான் கம்பெனிக்குப் போகிறேன். ஆனால் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் யாருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

சேர்வதாக இருந்தால் முதலில் கிட்ஹப் என்ற, புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளத்தில் ஒரு அக்கவுன்ட் தொடங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஏழாம் வாரம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைத் தேடும் முறை. அதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.