சர்வீசுக்குக் கொடுக்கும் முன் சிலிண்டரை எடை போடுங்கள்

திறந்தவெளியில் வைக்கும் புரொப்பேன் ஹீட்டர் குளிரில் மக்கர் செய்கிறது என்று சர்வீசுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சில சர்வீஸ்காரர்கள் ஏமாற்றுவதோடு நில்லாமல் ஆபத்தையும் சேர்த்து அனுப்புகிறார்கள்.

சர்வீஸ் முடிந்து வந்த ஒரு ஹீட்டர். பில்லில் புது பர்னர், புது தெர்மோகப்பிள் (சுடரின் சூட்டை உணர்ந்து, அது அணைந்தால் கேஸை நிறுத்த வைக்கும் பாகம்). தலைப்பகுதியைக் கழற்றினால் இரண்டும் பழையவை. தெர்மோகப்பிள் நுனியில் கரிகூடப் போகவில்லை. ஹீட்டர் சாய்ந்தால் கேஸை நிறுத்தும் டில்ட் சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் முறுக்கி ஒன்றாக்கி டேப் சுற்றியிருந்தார்கள். காற்றில் கவிழ்ந்தாலும் இனி அது அணையாது. இத்தனைக்கும் ஹீட்டரில் கோளாறே இல்லை, சிலிண்டரில்தான்.

புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பியூட்டேன் கொதிப்பதோ மைனஸ் 0.5 டிகிரியில். பியூட்டேன் கலந்த கேஸை நிரப்பிக் கொடுத்தால், உறைகுளிரில் புரொப்பேன்தான் முதலில் அதிகமாக ஆவியாகி வெளியே வரும். கொஞ்ச நேரம் ஜோராக எரியும். பிறகு சுடர் குறுகிக் குறுகி அணையும். சிலிண்டரை ஆட்டினால் உள்ளே திரவம் தளும்பும். மிச்சமிருப்பதில் பெரும்பகுதி பியூட்டேன். வாங்கும்போதே 'சுத்த புரொப்பேனா?' என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது எடை. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் காலி எடை பொறித்திருக்கும். அது 7.7 கிலோ என்றால், 9 கிலோ கேஸ் நிரப்பியது தராசில் 16.7 காட்ட வேண்டும். 13 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ குடிக்கும். எடை குறைந்தால் எத்தனை மணி நேரம் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். சிலிண்டரின் வெளிப்புறம் உறைபனி படிந்தால் மோசடி என்று அர்த்தமில்லை. திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அளவு குறையக் குறைய அழுத்தமும் விழும். கடுங்குளிரில் கால்வாசி மிஞ்சும்போது சுத்த புரொப்பேனே திணறலாம். அதற்காகச் சிலிண்டருக்குத் தீ காட்டாதீர்கள், போர்வை சுற்றாதீர்கள். நிறைந்த வேறொரு சிலிண்டரை மாட்டிப் பாருங்கள். சுடர் நிமிர்ந்தால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது.

அப்படியும் எரியவில்லையா? வால்வைச் சட்டென்று திறந்தால் சில ரெகுலேட்டர்கள் கசிவு என்று நினைத்து கேஸை இறுக்கிவிடும். எல்லாவற்றையும் மூடி, சில நிமிடம் விட்டு, மெதுவாகத் திறங்கள். ஹீட்டரின் திருகு குமிழை விட்டதும் பைலட் (பர்னரைப் பற்ற வைக்கும் சிறு சுடர்) அணைந்தால், தெர்மோகப்பிள் நுனி சுடருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கரியை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். பற்றிய பிறகு குமிழை 30 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சுடர் மஞ்சளாகிப் புகைந்தால் பர்னர் குழாயில் சிலந்திக் கூடு இருக்கலாம். எதைக் கழற்றி மாட்டினாலும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் சர்வீசுக்குக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். டில்ட் சுவிட்ச் ஒயர்களை அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அவை முறுக்கப்பட்டிருந்தால், அதே மாடலுக்கான சுவிட்ச் வந்து மாட்டும்வரை அந்த ஹீட்டரைப் பற்ற வைக்காதீர்கள்.