சொட்டு கரையவில்லை

மெல்போர்னிலிருந்து மூன்று வார லீவில் தஞ்சாவூர் போயிருந்தேன். பேங்க், பட்டா, ஆதார் என்று கொண்டுபோன வேலையெல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அம்மாவின் பூனையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அப்பா போன அடுத்த மாதம் கொல்லைப்பக்கமாக வந்து ஒட்டிக்கொண்ட குட்டி அது. நிறத்தைப் பார்த்து அம்மா செவலை என்று பேர் வைத்தாள். இப்போது ஒன்றரை வயது. அந்த வீட்டில் அம்மா நாள் முழுக்கப் பேசுவது அதனிடம்தான். நான் போய் இறங்கியபோது கிணற்றடியில் சுருண்டு கிடந்தது. "நாலு நாளா மீனைக்கூடத் தொடலடி" என்றாள். தூக்கிப் பார்த்தேன். முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

நான்கு நாளில் மூன்று தனியார் கிளினிக் ஏறி இறங்கினோம். முதலாமவர் வெயில் சூடு என்று இரண்டு ஊசி போட்டார். தெர்மாமீட்டரை எடுக்கவே இல்லை. இரண்டாமவர் வயிற்றில் பூச்சி என்றார். மூன்றாமவர், "லிவர் போயிடுச்சும்மா, ரெண்டு நாள் தாங்கினா பெருசு" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். ஆளுக்கொரு நோய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பூனை வாய் திறந்து சொல்லாது, டாக்டர் என்ன செய்வார்? ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூடப் போட்ட ஊசியின் பெயரை எழுதித் தரவில்லை. கேட்டால் "ஆன்டிபயாடிக்தான்" என்ற பதில். அடுத்த டாக்டர் "முன்னாடி என்ன குடுத்தாங்க?" என்று கேட்கும்போது அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மெல்போர்னில் எங்கள் பூனைக்குப் பல் பிடுங்கியபோது மருந்து, அளவு, எடை எல்லாம் அச்சடித்துக் கையில் தந்தார்கள். அங்கேயும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அவசரத்துக்குக் கொண்டுபோனால் சிகிச்சைக்கு முன்பே முன்பணம் கேட்பார்கள். ஆனாலும் எழுதுவார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? தாத்தா பசுவை ஓட்டிக்கொண்டு போன மாட்டாஸ்பத்திரியில் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. மாட்டின் நிறம், கொம்பு, ஈத்து, கொடுத்த மருந்து என்று எல்லாவற்றையும் அதில் எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் எங்கே போனது?

ஆட்டோக்காரத் தம்பிதான் "ஒரத்தநாடு காலேஜுக்குப் போயிடலாம்க்கா" என்றார். பட்டுக்கோட்டை ரோட்டில், முக்தாம்பாள் சத்திரம் இருக்கும் அதே ஒரத்தநாடு. கால்நடை மருத்துவக் கல்லூரி 2012-இல் வந்தது. நான் ஊரைவிட்டுப் போனதற்குப் பிறகு. காய்கறிக் கூடையில் செவலையை வைத்துத் துண்டைப் போட்டு மூடி, ஆடுகளுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தோம்.

சின்னப் பெண்தான் டாக்டர். முதலில் தெர்மாமீட்டர் வைத்தார்: 104. காது மடலைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார். நல்லெண்ணெய் நிறம், இரண்டு விரலுக்கு நடுவே நூல் இழுத்தது. பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, ஒரு சொட்டு வினிகர் கலந்து, அதன்மேல் செவலையின் வயிற்றுத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விட்டார். ரிவால்டா சோதனை என்று பெயராம். கரைந்துவிட்டால் பயம் குறைவு. கரையாமல் நின்றால் எஃப்.ஐ.பி. என்ற, பூனைகளுக்கு வரும் வைரஸ் நோயோ என்று சந்தேகப்படலாம்.

நானும் அம்மாவும் மூச்சுவிடாமல் பார்த்தோம். சொட்டு மேலேயே தங்கியது. அடியில் வால் மாதிரி ஒரு இழை இறங்கியது, கொஞ்சம் கலங்கியது, பிறகு அப்படியே தொங்கியது. கரையவும் இல்லை, முழுசாக நிற்கவும் இல்லை. டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சந்தேகம்தாம்மா. நிச்சயமா சொல்ல முடியல. கிருமித் தொற்று, கேன்சர் கட்டியில்கூட இப்படி நிக்கும்."

நான்கு நாளில் என் மனசு அடங்கியது அந்த ஒரு வார்த்தையில்தான். தெரியவில்லை என்று சொல்ல ஒருவர் கிடைத்தாரே!

ரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு புரதங்களின் விகிதம் 0.5. அது 0.4-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும், 0.8-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் இல்லை என்று விடலாம். எங்களுடையது இரண்டுக்கும் நடுவில். பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ் சில பூனைகளின் உடம்பில் மாறிப்போய் இந்த நோயாகிறது. அதிலும் இளம் பூனைகளுக்குத்தான் அதிகம். "கொரோனாவா?" என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனிதர்களுக்கு வந்தது வேறு, இது வேறு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

முன்பெல்லாம் இந்த நோய் வந்த பூனை பிழைக்காது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பீடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 25 நீண்டநாள் பிழைத்தன. ஆஸ்திரேலியாவில் இப்போது டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். இங்கே சென்னையில் சொல்லிவைத்து வாங்க வேண்டியிருந்தது. 84 நாள், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. "ஆரம்பிப்போம். சில நாள்ல காய்ச்சல் விட்டா அதுவே பாதி பதில்" என்றார் டாக்டர். மருந்தின் பெயரையும் அளவையும் கொட்டை எழுத்தில் எழுதித் தந்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் நாள் நான் விமானம் ஏறினேன்.

பால் கணக்கு எழுதும் நோட்டில் பின்பக்கமாக அம்மா தினமும் எழுதுகிறாள்: தேதி, காய்ச்சல், எடை, தின்றது. இரவு போனில் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். இதுவரை டாக்டர் நோயின் பெயரை உறுதியாக எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நேற்று 31-ஆம் நாள். "மூணு கிலோ நானூறு. நெத்திலி எட்டு. காதை வெயில்ல பிடிச்சுப் பார்த்தேன், மஞ்சள் இல்லடி" என்று வாசித்தாள்.