ஃபுல் மாரத்தானுக்கு முன்னாடி வர்ற ஹாஃப்: முழு வேகமா, மாரத்தான் பேஸா, இல்ல விட்டுடலாமா?

ஃபுல் மாரத்தானுக்கு (42.2 கிலோமீட்டர்) ட்ரெயின் பண்றவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்து நிக்கும். மெயின் ரேஸுக்கு நாலஞ்சு வாரம் இருக்கும்போது நடுவுல ஒரு ஹாஃப் மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) வருது, பேர் குடுத்தாச்சு, பிப்பும் (நெஞ்சுல குத்துற நம்பர் அட்டை) கைக்கு வந்தாச்சு, இப்ப அத எப்படி ஓடுறது? உசுரக் குடுத்து ஓடி ஒரு பெர்சனல் பெஸ்ட் பாத்துடலாமா, மாரத்தான் பேஸ்லயே, அதாவது ஃபுல்ல ஓடப் போற வேகத்துலயே, ஒரு ஒத்திகையா ஓடலாமா, இல்ல ரேஸே வேணாம்னு அந்த வாரத்து லாங் ரன்ன தனியா முடிச்சுடலாமா? மூணு சீசன்ல மூணையும் ஓடிப் பாத்துட்டேன், அதனால ஒண்ணு ஒண்ணும் என்ன குடுத்துச்சு, என்ன எடுத்துக்கிச்சுன்னு சொல்றேன்.

முதல்ல முழு வேகம். முதல் சீசன்ல மாரத்தானுக்கு அஞ்சு வாரம் முன்னாடி ஹாஃப ரேஸாவே ஓடினேன், 1 மணி 57 நிமிஷம் 40 செகண்ட், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 35 செகண்ட் (5:35). அன்னைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல. வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட உக்காந்துட்டேன். ஒரு தூரத்துல ஓடின நேரத்த வச்சு இன்னொரு தூரத்துக்கு எவ்ளோ ஆகும்னு சொல்ற ஃபார்முலா ஒண்ணு இருக்கு, 1977ல பீட் ரீகல்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் போட்டது, இன்னைக்கு வர்ற ஆன்லைன் கால்குலேட்டர்கள் நெறைய அதுலதான் ஓடுதுன்னு நெனைக்கிறேன். தூரம் ரெண்டு மடங்கானா நேரம் 2.085 மடங்காகும், அதாவது பேஸ் ஒரு 4 சதவீதம் கொறையும், அவ்ளோதான். என் நேரத்தப் போட்டா 4 மணி 5 நிமிஷம்னு வந்துச்சு. அந்த நம்பர அப்படியே நம்பி ட்ரெயினிங் பேஸ எல்லாம் மாத்தி, ரேஸ் அன்னைக்கு முதல் பாதிய 2 மணி 30 செகண்ட்ல கடந்தேன், கால் லேசா இருந்துச்சு, இன்னும் வேகமா போலாம்னு கூடத் தோணுச்சு. 31வது கிலோமீட்டர் தாண்டினதும் தொடை ரெண்டும் இறுகிப் போயி நடந்து ஓடி நடந்து ஓடி முடிச்சப்ப 4 மணி 32 நிமிஷம். ரெண்டாவது பாதிக்கு மட்டும் ரெண்டரை மணி நேரம் ஆயிருந்துச்சு.

ஃபார்முலா தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்த ஃபார்முலா ரெண்டு தூரத்துக்கும் ஒரே அளவு தயாரா இருக்கிற ஆளுக்குப் போட்டது, நான் ஹாஃபுக்கு மட்டும்தான் தயாரா இருந்தேன், வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடுறவனுக்கு 21 கிலோமீட்டர் எட்டிடும், 42 எட்டாது. இதுக்குப் பின்னாடி உடம்போட கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு கிலோ எடைக்கு சுமாரா ஒரு கலோரி செலவாகும், 70 கிலோ ஆளுன்னா ஹாஃபுக்கு 1500 பக்கம், ஃபுல்லுக்கு 3000 பக்கம். தசையிலயும் ஈரல்லயும் சேத்து வச்சிருக்கிற கிளைகோஜன் (உடம்போட சர்க்கரைச் சேமிப்பு) மொத்தமே சுமாரா 2000 கலோரிக்குதான் வரும். அதனால ஹாஃப்ல ஒரு ஜெல் (ஓடிட்டே உறிஞ்சுற சர்க்கரைப் பாக்கெட்) கூட எடுக்காம முழு வேகத்துல ஓடினாலும் டேங்க் காலியாகுறதுக்கு முன்னாடி ஃபினிஷ் லைன் வந்துடும், நம்ம ஃபியூலிங், அதாவது ஓடும்போது சாப்பிடுற குடிக்கிற கணக்கு, சரியா தப்பான்னு தெரியவே தெரியாது. மீதிய கொழுப்புல இருந்து எடுக்க உடம்பு பழகணும், அது மாசக் கணக்குல ஈஸி ரன்னும் லாங் ரன்னும் ஓடினாதான் வரும். ஹாஃப் ரேஸ் நல்லாப் போச்சுங்கிறது இதப் பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லாது.

அதோட முழு வேகத்துல ஓடினா அதுக்கு ஒரு விலை இருக்கு. எனக்கு படி எறங்குறப்ப தொடை வலி போக நாலு நாள் ஆச்சு, மறுபடி சீரியஸா ஒரு ஸ்பீடு செஷன் பண்ண பத்து நாள் ஆச்சு. ரேஸ்ல ஓடின ஒவ்வொரு மைலுக்கும் ஒரு ஈஸி நாள்னு பழைய ஓட்டக்காரங்க சொல்ற கணக்குப்படி பாத்தா 13 நாள். மாரத்தானுக்கு முன்னாடி ஓட்டத்தக் கொறச்சு காலுக்கு ஓய்வு குடுக்கிற டேப்பருக்கே ரெண்டு மூணு வாரம் போயிடும், நடுவுல இந்த 13 நாளும் போனா பெரிய லாங் ரன்னுக்கு எடம் எங்க இருக்கு? அதனால மூணு வாரம் முன்னாடி இருக்கிற ஹாஃப முழு வேகத்துல ஓடாதீங்க, அஞ்சு ஆறு வாரம் முன்னாடின்னா யோசிக்கலாம். இதுல கிடைக்கிற நல்லதும் இருக்கு, மறைக்கக் கூடாது. 17வது கிலோமீட்டர்ல மூச்சு முட்டுறப்ப விட்டுடலாமான்னு மனசு கேக்கும் பாருங்க, அந்த எடத்துல விடாம நின்ன அனுபவம் வேற எந்த ட்ரெயினிங்லயும் வராது.

ரெண்டாவது வழி மாரத்தான் பேஸ். அடுத்த சீசன்ல டார்கெட்ட 4 மணி 13 நிமிஷம்னு வச்சேன், கிலோமீட்டருக்கு 6:00. ரேஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தனியா 4 கிலோமீட்டர் மெதுவா ஓடிட்டு வந்து ஸ்டார்ட் லைன்ல நின்னேன், ஹாஃப 6:00ல ஓடினேன், மெடல் வாங்கிட்டு இன்னும் 5 கிலோமீட்டர் ஓடி மொத்தம் 30 ஆக்கினேன். ஓடுறது கஷ்டமா இல்ல, அடக்கி ஓடுறதுதான் கஷ்டம், முதல் மூணு கிலோமீட்டர் எல்லாரும் தாண்டித் தாண்டிப் போறாங்க, கால் இழுக்குது, நாம மட்டும் வாட்ச்சப் பாத்துட்டே பின்னாடி நிக்கணும். ஆனா மாரத்தான் அன்னைக்கு நமக்கு வேண்டியது இந்தப் பழக்கம்தான்.

ஜெல் விஷயத்த அங்கதான் கத்துக்கிட்டேன். மணிக்கு 30ல இருந்து 60 கிராம் கார்ப் (மாவுச்சத்து, சர்க்கரை) எடுக்கச் சொல்றாங்க, ஒரு ஜெல்ல 20, 25 கிராம் இருக்கும், அப்ப அரை மணிக்கு ஒண்ணு கிட்ட வருது, பேப்பர்ல எழுதிட்டா ரொம்ப சுலபம். 7வது கிலோமீட்டர்ல ஓடிட்டே பாக்கெட்ட பல்லால கிழிச்சா பாதி கட்டைவிரல்ல ஒழுகி ஒட்டிக்கிச்சு, அந்த விரலோட வாட்ச் பட்டன அமுக்கினா அதுவும் பிசுபிசுப்பாச்சு. 14வது கிலோமீட்டர்ல ரெண்டாவது ஜெல், பக்கத்துல தண்ணி டேபிள் இல்ல, கையில கிடைச்ச ஸ்போர்ட்ஸ் டிரிங்க்க மேல குடிச்சுட்டேன். ஒரு கிலோமீட்டர் கூட போகல, வயித்தப் புரட்டிக்கிட்டு வந்துச்சு. ஜெல்லும் சர்க்கரை, டிரிங்க்கும் சர்க்கரை, ரெண்டும் சேந்து கெட்டியானா வயித்துல இருந்து கீழ எறங்காம நிக்கும், ஜெல்லுக்குத் தண்ணிதான் குடிக்கணும். மாரத்தான்ல 14வது கிலோமீட்டர்ல இது நடந்திருந்தா மீதி 28 கிலோமீட்டர் என்னாயிருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்கு. பேப்பர் கப்ப மேல கிள்ளி ஒரு மூக்கு மாதிரி பண்ணிக் குடிச்சா மூஞ்சில கொட்டாதுங்கிறதும் அன்னைக்குதான் கைக்கு வந்துச்சு. புது சிங்லெட்டோட (கையில்லாத பனியன்) தையல் அக்குள் பக்கம் உரசிட்டே இருந்திருக்கு, குளிக்கும்போது சுரீர்னு எரிஞ்சப்பதான் தெரிஞ்சுது, ரேஸ் அன்னைக்கு அந்த எடத்துல வாசலின் தடவிட்டுப் போனேன்.

இன்னொண்ணு, இது பெரிய விஷயம். ஹாஃப் முடிச்சப்ப என் வாட்ச் 21.35 காட்டுச்சு, கோர்ஸ் அளவு 21.1தான். நாம வளைவுல எல்லாம் வெளிப்பக்கமா ஓடுறோம், ஆள தாண்ட வளைஞ்சு வளைஞ்சு போறோம், அதோட ஜிபிஎஸ்சும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். 250 மீட்டர்தானேன்னு விட்டுடாதீங்க, ஃபுல்லுக்கு அது அரை கிலோமீட்டர், 6:00 பேஸ்ல மூணு நிமிஷம். வாட்ச்ல 6:00ன்னு பாத்து ஓடினா டார்கெட் மூணு நிமிஷம் தவறிடும். அதனால மாரத்தான் அன்னைக்கு வாட்ச்ல 5:55, 5:56 வச்சு ஓடினேன், வளைவுகள்ல உள்பக்கமா ஓடப் பாத்தேன், முதல் பாதி 2 மணி 6 நிமிஷம் 20 செகண்ட், ரெண்டாவது பாதி 2 மணி 7 நிமிஷம் 50 செகண்ட். 35வது கிலோமீட்டர்லயும் நடக்கல. அத இப்ப எழுதும்போதும் நெஞ்சு நெறஞ்சு வருது.

பெரிய ஓட்டக்காரங்ககிட்டயும் இந்தப் பாதிக் கணக்கு இருக்கு. 2022 பெர்லின் மாரத்தான்ல கென்யாவோட எலியுட் கிப்சோகே 2:01:09 ஓடினப்ப முதல் பாதி 59:51, அவரோட ஹாஃப் பெஸ்ட்டே 59:25தான், 26 செகண்ட் வித்தியாசம், ரெண்டாவது பாதி 61:18 ஆச்சு. 2023 சிகாகோ மாரத்தான்ல இன்னொரு கென்யாக்காரர் கெல்வின் கிப்டும் முதல் பாதிய 60:48ல முடிச்சு ரெண்டாவது பாதிய 59:47ல ஓடி 2:00:35னு உலக சாதனை பண்ணார். நாலே மாசத்துல, 24 வயசுல, அந்தப் பையன் கார் விபத்துல போயிட்டாருங்கிறது இன்னும் மனசு ஆறல. அவங்க லெவல் வேற, நம்ம லெவல் வேற, ஆனா உங்க ஹாஃப் பெஸ்ட்டுக்கும் மாரத்தான்ல முதல் பாதிக்கும் எவ்ளோ இடைவெளி விடுறீங்கன்னு பாக்கணும். நான் முதல் சீசன்ல மூணு நிமிஷம் கூட விடல, ரெண்டாவது சீசன்ல எட்டரை நிமிஷத்துக்கு மேல விட்டேன்.

மூணாவது வழி, ரேஸே இல்லாம லாங் ரன். இதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. நிம்மதியா ஓடலாம், ரெண்டு நாள்ல தேறிடலாம், டேப்பர் கெடாது. அந்த சீசன்ல நான் 32 கிலோமீட்டர் தனியா ஓடினேன், உடம்புக்கு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மாரத்தான் ஸ்டார்ட் லைன்ல கூட்டத்தப் பாத்ததும் படபடப்புல ரெண்டு தடவை டாய்லெட் கியூல நின்னேன், முதல் அஞ்சு கிலோமீட்டர் கூட்டத்தோட அடிச்சுட்டுப் போயிட்டேன். காயத்துல இருந்து இப்பதான் எந்திரிச்சு வந்தவங்க, ஹாஃப் மூணு வாரத்துக்குள்ள வர்றவங்க, ரேஸ்னாலே அடக்க முடியாம பாய்ஞ்சுடுறவங்க, இவங்களுக்கு இதுதான் சரி.

நாலாவதா ஒண்ணு இருக்கு, இப்ப எனக்குப் பிடிச்சது இதுதான். முதல் 15 கிலோமீட்டர் மாரத்தான் பேஸ், கடைசி 6 கிலோமீட்டர் அடக்காம வேகமா ஓடுறது. அடக்கி ஓடுற பழக்கமும் வருது, களைச்ச கால்ல வேகம் எடுக்கிற பழக்கமும் வருது, தேற அஞ்சாறு நாள் போதும். அந்த 15ல மூச்சு பேசுற அளவுக்கு இல்லாம வாங்குச்சுன்னா டார்கெட் பேஸ் அதிகம்னு அர்த்தம், அங்கேயே கொறச்சுக்கலாம், அதத் தெரிஞ்சுக்க 31வது கிலோமீட்டர் வரைக்கும் போக வேண்டியதில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, ஹாஃப் அன்னைக்கு வெயிலும் புழுக்கமும் அதிகமா இருந்தா பேஸ் தானா கொறையும், அந்த நேரத்தப் பாத்து மனசொடிஞ்சு டார்கெட்ட மாத்தக் கூடாது.

முதல் ஃபுல் ஓடுறவங்க, வாரத்துக்கு 50 கிலோமீட்டருக்குக் கீழ ஓடுறவங்க எங்கிட்ட கேட்டா, ரெண்டாவது இல்ல நாலாவது வழின்னுதான் சொல்வேன். நாலஞ்சு மாரத்தான் முடிச்சு வாரத்துக்கு 70, 80 ஓடுறவங்களுக்கு ஹாஃப் நேரம் கிட்டத்தட்ட உண்மைய சொல்லும், அவங்க முழு வேகத்துல ஓடிப் பாக்கலாம். கீழ இருக்கிறவங்க அப்படியும் ஓடித்தான் தீரணும்னா, நேரத்த ரெண்டு மடங்காக்கி கூட 20 நிமிஷம் சேத்துக்கோங்க, ஃபார்முலா எனக்குச் சொன்ன மாதிரி 10 இல்ல.

இந்த சீசன் ஹாஃப் அஞ்சு வாரம் முன்னாடி வருது. டார்கெட் 4 மணி 5 நிமிஷம், அன்னைக்குத் தவறவிட்ட அதே நம்பர், இந்தத் தடவை வாரத்துக்கு 65 கிலோமீட்டர் ஓடிட்டு வர்றேன். வாட்ச்ல 5:44, ஜெல் 5, 10, 15வது கிலோமீட்டர்ல, மூணுக்கும் வெறும் தண்ணி, 15 தாண்டினதும் வாட்ச்ச திருப்பி வச்சுட்டு ஓடப் போறேன்.