மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ: எது சிஸ்டத்தினது, எது கடையினது?

திருகோணமலையில் பில் மென்பொருள் பாவிக்கும் கடைக்காரருக்கு, எந்தத் தரவுத்தளம் சிஸ்டத்தினது, எது கடையினது என்று பார்க்க, எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளங்களைக் கையாளும் கருவியான எஸ்கியூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ தாராளமாகப் போதும்; இலவசமும்கூட. சர்வர் தன் வேலைக்கு வைத்திருக்கும் மாஸ்டர், டெம்ப்டிபி, மாடல், எம்எஸ்டிபி என்ற நான்கு தரவுத்தளங்களையும் ‘சிஸ்டம் டேட்டாபேசஸ்’ கோப்புறைக்குள் ஒதுக்கிவிடும். வெளியே நிற்பதெல்லாம் கடையினது என்று நம்பக்கூடாது: அறிக்கைகள் தயாரிக்கும் ரிப்போர்ட்டிங் சர்விசஸ் அமைத்தால் ரிப்போர்ட்சர்வர், ரிப்போர்ட்சர்வர்டெம்ப்டிபி இரண்டும் அங்கேதான் வந்து நிற்கும். இதன் பெரிய குறை இதுதான்.

தரவுத்தளங்களைப் பட்டியலிடும் குவெரியில் டேட்டாபேஸ் ஐடி 4க்கு மேல் என்று வடிகட்டலாம்; அந்த நான்கும் விலகிவிடும். ரெப்ளிகேஷன் (தரவை வேறு தரவுத்தளத்துக்கு நகலெடுப்பது) இருந்தால் அதற்கான டிஸ்ட்ரிபியூஷன் தரவுத்தளமும் அதில் தப்பி வரும். ‘இஸ் டிஸ்ட்ரிபியூட்டர்’ 0 என்பதையும் சேருங்கள். உரிமையாளர் ‘எஸ்ஏ’ (சர்வரின் நிர்வாகி கணக்கு) என்றால் சிஸ்டம் என்று பிரிக்கும் பழக்கம் வேண்டாம், பில் தரவுத்தளமே பட்டியலில் காணாமல் போகலாம். பேக்கப்பில் டெம்ப்டிபியைச் சேர்த்தால் பிழைதான் வரும். சர்வரைத் தொடங்கும்போதெல்லாம் அது புதிதாக உருவாகிறது. பேக்கப்பில் மாஸ்டரை விட்டீர்களோ, சர்வர் பழுதானால் லொகின்கள் (சர்வருக்குள் நுழையும் கணக்குகள்) போச்சு.