"பழகிடும்"னு சொல்லியே அரை மாசச் சம்பளத்தை முழுங்கிட்டாங்க: ஹெல்மெட்டுக்குள்ள போடற பவர் கண்ணாடி வாங்கப்போறவங்க படிங்க

நேத்து ராத்திரி கடைசி மெயில் வந்தது. "டியர் கஸ்டமர், உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது." எது தீர்ந்தது, யாருக்குத் தீர்ந்ததுன்னு தெரியல. தீர்ந்தது என்னோட அரை மாசச் சம்பளம் மட்டும்தான். கோபம் ஆறறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கண்ணாடி போட்டுட்டு பைக் ஓட்டறவங்க இதை எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விரிவாச் சொல்றேன். முதல்ல நடந்தது.

எனக்கு ரெண்டு கண்லயும் மைனஸ் 5.5. சிலிண்டர், அதாவது ஒரு திசையில மட்டும் கூடுதலா வேண்டிய பவர், வேற 1.5. கண்ணாடியைக் கழட்டினா 18 சென்டிமீட்டருக்கு அப்பால எல்லாமே பஞ்சு. அதனால கண்ணாடி இல்லாம வண்டியைத் தொடறதே இல்ல. ஆனா முழு முகத்தையும் மூடற ஹெல்மெட்டுக்குள்ள சாதாரணக் கண்ணாடி படுத்தற பாடு போட்டவங்களுக்குத்தான் தெரியும். முதல்ல கண்ணாடியைக் கழட்டணும், ஹெல்மெட்டை மாட்டணும், அப்புறம் கன்னத்துப் பஞ்சுக்கு நடுவுல கம்பியைச் செருகணும். அது காதுக்கு மேல போய் உட்காராம மண்டையில குத்தும். ஒரு மணி நேரம் ஓட்டினா காதுக்கு மேல விண்விண்னு தெறிக்கும். வண்டி சிக்னல்ல நின்னா காத்தோட்டமும் நின்னுடும், மூச்சுச் சூட்டுல கண்ணாடி முழுக்கப் புகை. கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தாச்சு. ஹெல்மெட் முகப்புல இருக்கற வைசரை லேசாத் திறந்தாலே காத்துல கண்ணு காஞ்சு லென்ஸ் ஒட்டிக்கும், ஒரு தூசி விழுந்தா ஓரமா நிறுத்திட்டு அழுதுட்டு நிக்கணும். எனக்கு அது சரிப்படல.

இந்த நிலைமையில போன்ல ஒரு விளம்பரம். ஆன்லைன்ல மட்டும் விக்கற ஒரு கண்ணாடிக்கடை. பேர் சொல்லல, சொன்னா வேற தலைவலி வரும். "ரைடர்களுக்கான பவர் கண்ணாடி. முகத்தோட வளைஞ்சு உட்காரும், வெயில்ல தானா கருக்கும், புகை படியாது, உடையாது." எனக்காகவே செஞ்ச மாதிரி இருந்தது. விலையைப் பார்த்தேன். அரை மாசச் சம்பளம். மூடி வெச்சுட்டேன்.

அங்கேயே விட்டிருக்கணும். ரெண்டு நாள் கழிச்சு அவங்க சாட்ல ஒரு சந்தேகம் கேட்டேன், அரை மணி நேரத்துல ஒருத்தர் போன் பண்ணார். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா நான் விழுந்தது இங்கதான். அவர் விக்கவே முயற்சி பண்ணல. கேள்விதான் கேட்டார். "ஹெல்மெட்ல உள்ள இறங்கற கறுப்பு வைசர் இருக்கா ப்ரோ? அது இறங்கும்போது ஃபிரேம்ல இடிக்குதா? காதுக்கு மேல குத்துதா, இல்ல பின்னாடியா?" இத்தனை வருஷத்துல ஒரு கண்ணாடிக்கடைக்காரர்கூட என்கிட்ட ஹெல்மெட்டைப் பத்திக் கேட்டதில்ல. நான் வாயடைச்சுப்போய்ப் பதில் சொல்லிட்டே இருக்கேன், அவர் சிரிச்சுட்டு, "நானும் மைனஸ் ஆறு ப்ரோ. நானும் ரைடர்தான். உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?"ன்னார்.

முடிஞ்சது கதை. மைனஸ் ஆறுன்னு ஒருத்தன் சொன்னா, மைனஸ் அஞ்சரைக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி. நான் அப்படித்தான் நினைச்சேன்.

"பி.டி. எவ்வளவு?"ன்னு கேட்டார். ரெண்டு கருவிழிக்கும் நடுவுல உள்ள தூரம். என் பவர் சீட்டுல அது இல்ல. "கவலைப்படாதீங்க, ஏ.டி.எம். கார்டை நெத்தியில ஒட்டி வெச்சு ஒரு செல்ஃபி எடுத்து அனுப்புங்க, நாங்க கணக்குப் பண்ணிக்கறோம்." உலகத்துல எல்லா பேங்க் கார்டும் 85.6 மில்லிமீட்டர் அகலம், அதை வெச்சு அளந்துடலாமாம். கேக்க அறிவியல் மாதிரிதானே இருக்கு? படம் அனுப்பினேன். ஆர்டர்படி செய்யற பொருள்ங்கறதால முழுப் பணமும் முன்னாடியே கட்டணும்னார். கட்டினேன். அரை மாசச் சம்பளம், ஒரே அழுத்தல்ல.

கண்ணாடி வந்தது. டப்பாவைப் பார்த்தா நகைக்கடை டப்பா தோத்துடும். போட்டேன். தரை ரெண்டு அங்குலம் மேல வந்த மாதிரி இருந்தது. கதவு நிலை வெளிப்பக்கமா வளைஞ்சு தெரிஞ்சது. புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். ரெண்டாவது நாள் தலைவலி தாங்காம போன் பண்ணேன். அதே ஆள், அதே சிரிப்பு. "வளைஞ்ச ஃபிரேம் ப்ரோ, கண்ணு பழகணும். ரெண்டு வாரம் விடாமப் போடுங்க. நடுவுல பழசைப் போட்டா பழகாது."

இந்த ரெண்டு வாரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அவர் சொன்ன மற்ற சங்கதியெல்லாம் ஒவ்வொண்ணா உதிர ஆரம்பிச்சது. வெயில்ல தானா கருக்கும்னாங்களே, ஹெல்மெட்டுக்கு வெளியே அழகாக் கருக்குது. வைசரை இறக்கினா கருக்கவே இல்ல. அந்த லென்ஸ் கருக்கறது வெளிச்சத்தால இல்லையாம், புற ஊதாக் கதிராலயாம். வைசர் பாலிகார்பனேட்ங்கற பிளாஸ்டிக். அது புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துடும், அப்புறம் உள்ள இருக்கற லென்ஸுக்கு எது வந்து சேரும்? ஹெல்மெட்டுக்குள்ள போடறதுக்குன்னே விக்கறவங்களுக்கு இது தெரியாதா? புகை? முதல் சிக்னல்லயே வந்துடுச்சு.

அஞ்சாவது நாள் சாயங்காலம், வெளிச்சம் மங்கற நேரம். ஒரு இடது வளைவு. வேகம் 60 இருக்கும். அந்த வேகத்துல வண்டி ஒரு வினாடிக்குப் பதினாறரை மீட்டர் போகும், கண்ணு யோசிக்க நேரம் கேட்டா கிடைக்காது. நான் தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். லென்ஸோட ஓரத்துல ரோட்டு விளிம்பு இழுத்துக்கிட்டுப் போச்சு. எதிர்ல வந்த லாரியோட விளக்கு ரெண்டும் கோடு கோடா நீண்டு ஒண்ணோட ஒண்ணு கலந்து, அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னே பிடிபடல. நடுக்கோட்டைத் தாண்டிட்டேன்னு ஹாரன் சத்தம் கேட்டப்புறம்தான் தெரிஞ்சது. ஓரமா நிறுத்தி, கை நடுக்கம் நிக்கற வரைக்கும் உட்கார்ந்துட்டு, பையில இருந்த கீறல் விழுந்த பழைய கண்ணாடியைப் போட்டுட்டு முப்பதுலயே வீடு வந்தேன். இதை வீட்டுல இன்னும் சொல்லல.

அப்பவும் எனக்கு அவங்க மேல சந்தேகம் வரல பாருங்க, என் கண்ணு மேலதான் வந்தது. ஒன்பதாவது நாள் லீவு போட்டுட்டு, பழைய கண்ணாடி செஞ்சு கொடுத்த பெரியவர்கிட்ட போய்ப் புதுசை நீட்டினேன். லென்ஸோட பவரை அளக்கற லென்ஸ்மீட்டர்ல வெச்சார். பேனாவால ரெண்டு லென்ஸோட பவர் மையத்துலயும் ஒரு புள்ளி வெச்சு, ஸ்கேலால நடுவுல அளந்தார். 68 மில்லிமீட்டர். என் கண்ணை அளந்தார். 62. "யாருப்பா அளவெடுத்தது?"ன்னார். செல்ஃபின்னு சொல்லக் கூச்சமா இருந்தது, சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் வலிச்சது.

அப்புறம் ஒரு தாள்ல கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு கண்ணுக்கும் 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கு. சென்டிமீட்டர்ல 0.3. அதைப் பவர் 5.5ஆல பெருக்கினா 1.65. லென்ஸ் அந்த அளவுக்குப் பிரிஸம் ஆகிடுது. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து 3.3. ஒரு பிரிஸம்னா ஒரு மீட்டர் தூரத்துல ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தெரியறது. அப்போ பத்து மீட்டர்ல 33 சென்டிமீட்டர் வித்தியாசத்தை என் கண்ணு ரெண்டும் இழுத்துப் பிடிச்சு ஒட்டிக்கிட்டே இருந்திருக்கு. தலை வலிக்காம என்ன பண்ணும்? இது போதாதுன்னு சிலிண்டர் எந்தக் கோணத்துல நிக்கணும்ங்கற ஆக்ஸிஸ் என் சீட்டுல 15, லென்ஸ்ல 25. பத்து டிகிரி தள்ளினா சிலிண்டரால வர்ற பலன்ல மூணுல ஒரு பங்கு போயிடுமாம். விளக்கு கோடு கோடா நீண்டது அதனாலதான். இன்னொண்ணும் சொன்னார். வளைஞ்ச ஃபிரேம்ல லென்ஸ் சாஞ்சு நிக்கும், சாஞ்ச லென்ஸ் தானாவே பவரையும் சிலிண்டரையும் கொஞ்சம் கூட்டிக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி பவரைத் திருத்தித்தான் தேய்க்கணும், என்னை மாதிரிப் பெரிய மைனஸுக்கு இவ்வளவு வளைவை அவரா இருந்தா எடுத்துத் தரவே மாட்டாராம். அளந்ததுக்குக் காசு வாங்கல.

பத்தாவது நாள் அளவையெல்லாம் எழுதி, போட்டோவோட அவங்களுக்கு அனுப்பினேன். வந்த பதில்: "புகார் செய்வதற்கான 7 நாள் அவகாசம் முடிவடைந்துவிட்டது."

ரெண்டு வாரம் விடாமப் போடுன்னு சொன்னதும் அவங்கதான். ஏழு நாள்ல புகார் சொல்லணும்னு சட்டம் போட்டதும் அவங்கதான். ரெண்டாவது நாளே போன் பண்ணேனேன்னு கேட்டா, "போன் அழைப்பு புகாராகக் கருதப்படாது, படிவம் நிரப்ப வேண்டும்." அந்த மைனஸ் ஆறு எங்கேன்னு கேட்டேன். "அவர் சேல்ஸ் டீம் சார், இது சப்போர்ட்." சேல்ஸுக்குக் கொடுங்கன்னா, புது ஆர்டர்னா ஒண்ணை அழுத்தச் சொல்லுது மெஷின். ஒண்ணை அழுத்தினா உடனே எடுக்கறாங்க! பழைய ஆர்டர்னு சொன்னதும் வைக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் ஆர்டர் நம்பர்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒருத்தர் என் டாக்டர் சீட்டு தப்பா இருக்கலாம்னார். இன்னொருத்தர் ஹெல்மெட்டை மாத்திப் பாருங்கன்னார். பிரிட்டன்ல லைசென்ஸ் டெஸ்ட்டுல 20 மீட்டர் தள்ளி நிக்கற வண்டியோட நம்பரைப் படிக்கச் சொல்வாங்க. அதையே ரெண்டு கண்ணாடியிலயும் செஞ்சு பார்த்தேன். கீறல் விழுந்த பழசுல படிக்க முடியுது, புதுசுல மூணையும் எட்டையும் பிரிச்சுச் சொல்ல முடியல. அதையும் எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி."

ப்ரோன்னு ஆரம்பிச்சு, சார் ஆகி, கடைசியில டியர் கஸ்டமர் ஆயிட்டேன். அரை மாசச் சம்பளத்துக்கு ஈடா அடுத்த ஆர்டர்ல இருபது சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பியிருக்காங்க. அடுத்த ஆர்டர்!

சரி, விரிவாச் சொல்றேன்னேன். காலையில வேலைக்குப் போகணும், தலை வேற இடிக்குது. அவசரமா நாலு விஷயம். பி.டி.யை நேர்ல அளக்காம எந்தப் பவர் கண்ணாடியும் வாங்காதீங்க, அதுவும் பெரிய பவர்னா வேண்டவே வேண்டாம். கடைக்கு ஹெல்மெட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. மாட்டிப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. வளையாம நேரா, மெல்லிசா இருக்கற கம்பிதான் உள்ள நுழையும். "தானா கருக்கும்"னா வைசருக்குள்ள கருக்குமான்னு கேளுங்க. கூசற பளபளப்பை வெட்டற போலரைஸ்டு லென்ஸ் வேணுமான்னா, போட்டுட்டு வண்டி மீட்டரைப் பார்த்துட்டுச் சொல்லுங்க, சில டிஜிட்டல் மீட்டர் அதுல கறுப்பாத் தெரியும். கண்ணாடி கைக்கு வந்த அன்னிக்கே வேற ஒரு கடையில லென்ஸ்மீட்டர்ல வெச்சு சீட்டோட ஒத்துப் பாருங்க. "பழகிடும்"னு யாராவது சொன்னா, திருப்பித் தர்ற கடைசித் தேதி என்னன்னு அதே மூச்சுல கேட்டு, எழுத்துல வாங்குங்க. புதுக் கண்ணாடியோட முதல்ல நடந்து பாருங்க, வண்டியை உடனே எடுக்காதீங்க.

பெரியவர்கிட்டயே சாதாரண ஃபிரேம்ல புது லென்ஸ் சொல்லியிருக்கேன். அடுத்த சம்பளம் வந்தாத்தான் எடுக்க முடியும், இந்த மாசச் சம்பளத்துல பாதிதான் போயிடுச்சே. அது வரைக்கும் கீறல் கண்ணாடிதான், இருட்டினப்புறம் வண்டி எடுக்கறதில்ல. அவங்க அனுப்பினதுல டப்பா மட்டும் நல்லா இருக்கு. பஞ்சர் ஒட்டற சாமானைப் போட்டு சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன்.