ரேங்க் கார்டை யார் விளக்குவது: மிஸ்ஸா, பிள்ளையா?

பெற்றோர் கூட்டம் என்றால் நமக்குப் பழகிய காட்சி ஒன்றுதான். மிஸ் பேசுவார், அம்மா தலையாட்டுவார், பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடலாம். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த வேகமும் ஒரு வசதிதான். ஆனால் அங்கே பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை.

இன்னொரு வழி, பேச்சைப் பிள்ளையிடமே விடுவது. ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் இது வழக்கம். எது வந்தது, எது வரவில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று தன் நோட்டுகளைக் காட்டிப் பிள்ளையே சொல்லும். ஆசிரியர் ஓரமாக இருப்பார். வசதியான பள்ளிக்குத்தான் இது சரிப்படும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துத் தானே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் நடந்தபோது, பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்து அடுத்த அட்டையைக் குழந்தைகளே எடுத்தார்கள். தான் நிற்கும் படி தெரிந்த குழந்தைக்கு அதை அம்மாவிடம் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

நேரம்தான் சிக்கல் என்றால் கணக்குப் பார்ப்போம். 40 பேருக்கு ஆளுக்கு 15 நிமிடம் என்றால் 10 மணி நேரம். நான்கு குடும்பங்களை வகுப்பின் நான்கு மூலையில் ஒரே சமயத்தில் உட்கார வைத்தால் இரண்டரை மணி நேரம். ஆசிரியர் சுற்றி வரலாம்.

எனக்குள்ள பயம் வேறு: பேச்சுப்போட்டி மாதிரி மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். அதனால் பிள்ளை காட்டும் நோட்டில் தப்பாகப் போட்டுத் திருத்திய பக்கம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். 1/2 + 1/3 = 2/5 என்று, அரையைவிடக் குறைவான விடையைத் தப்பாகப் போட்ட பிள்ளை, "அரை தோசையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறையுமா, அம்மா?" என்று கேட்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அது புரியும். பெற்றோருக்கும் ஒரு பயிற்சி வேண்டும்: "ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று ஆரம்பிக்காமல் "இதை எப்படிப் போட்டே?" என்று கேட்பது.

சரி, பழைய முறையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, வீட்டில் ஏதோ சண்டை என்பதெல்லாம் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுவதல்ல. ஜூன், ஜூலையில் பெரியவர்கள் தனியாகப் பேசட்டும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளை பேசட்டும்.