ஸ்ப்ளாட்டர் வாங்கலாமா, கறுப்பே போதுமா?

ஒரு ஹார்ட்கோர் பேண்டின் (வேகமும் கத்தலுமான பங்க் ராக்) வினைல் இசைத்தட்டுக்கு ப்ரீஆர்டர் திறந்த அன்று மூன்று நிறம் அறிவித்தார்கள்: கறுப்பு, கண்ணாடி போன்ற சிவப்பு, அப்புறம் வெள்ளையில் சிவப்புத் தெறித்த ஸ்ப்ளாட்டர். கடைசியாகச் சொன்னது 200 பிரதிதான். சில நிமிடத்தில் காலி. எனக்கு அதில் ஒன்று மாட்டியது, கூடவே கறுப்பும் ஒன்று எடுத்து வைத்தேன், அதனால் இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்த்து எழுத முடிகிறது. பேண்டின் பெயரும், தட்டை வெளியிட்ட லேபிளின் பெயரும் இதில் வராது. பாட்டில் ஒரு குறையும் இல்லை, குறை எல்லாம் தயாரிப்பில்தான், ஒரு அறைக்குள் உட்கார்ந்து ரெண்டு பேர் நடத்துகிற லேபிள் தலையில் அதைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் பிரமாதம். இசைத்தட்டை அதன் அட்டை உறைக்குள் போடாமல் வெளியே தனியாக வைத்து அனுப்பியிருந்தார்கள். சேகரிப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று தெரியும்: தட்டு உறைக்குள்ளேயே இருந்தால் வழியில் பெட்டி குலுங்கும்போதெல்லாம் அதன் விளிம்பு உறையின் ஓரத்தில் இடித்து இடித்துக் கடைசியில் கிழித்துவிடும். உள்ளே பாட்டு வரிகள் அச்சிட்ட மடிப்புத் தாள், உறையின் பின்பக்க மூலையில் பேனாவால் எழுதிய பிரதி எண். ஸ்டாம்ப் குத்தவில்லை, யாரோ உட்கார்ந்து 200 முறை எழுதியிருக்கிறார்கள், என்னுடையதில் மை காய்வதற்குள் கை பட்டு லேசாக இழுபட்டிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிடிக்கும்.

தட்டும் பார்க்க அழகுதான். இந்த வகையை அச்சடிக்கும்போது சூடான பிவிசி (தட்டு செய்யும் பிளாஸ்டிக்) உருண்டையோடு வேறு நிறத் துகள்களைச் சேர்த்து அழுத்துகிறார்கள், அழுத்தத்தில் துகள்கள் மையத்திலிருந்து வெளியே சிதறி ஓடுகின்றன, அதனால் எந்த இரண்டு தட்டும் ஒரே மாதிரி வராது. ஏ பக்கத்தின் கடைசியில், பாட்டு முடிந்து ஊசி உள்ளே ஓடுகிற வெற்று வளையத்தில், அச்சு எண்ணுக்குப் பக்கத்தில் பேண்ட் ஒரு கிண்டல் வரியைக் கீறி வைத்திருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆனால் கறுப்புத் தட்டிலும் அதே எண், அதே வரி. அதாவது இரண்டும் ஒரே கட்டிங்கிலிருந்து, பாட்டை ஒரே தடவை வெட்டி எடுத்த மூலத்திலிருந்து, வந்தவை. நிறத்தைத் தவிர வித்தியாசம் எதுவும் இருக்கக் கூடாது.

ஆனால் இருக்கிறது. ஸ்ப்ளாட்டர் பிரதியில் பி பக்கம் நடு ஓட்டை சரியான மையத்தில் இல்லை. ஊசிக்கையைப் பார்த்தாலே தெரிகிறது, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போகிறது. வேகமான பாட்டில் காதுக்கு எட்டாது, நாலு பேர் சேர்ந்து கத்துகிற இடத்தில் சுருதியை யார் பார்க்கப் போகிறார்கள். ஆனால் கடைசிப் பாட்டு மெதுவாகி, பிரேக்டவுன் என்கிற கனமான மெதுவான பகுதி முடிந்து கிதாரின் ஃபீட்பேக் ஊளைச் சத்தம் மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டு நிற்கிற இடம் ஒன்று வருகிறது பாருங்கள், அங்கே சுருதி மேலும் கீழும் ஊசலாடுகிறது. போதாததற்கு இரண்டாவது பாட்டில் வலது ஸ்பீக்கரில் மட்டும் ஒரு கீறல் சத்தம், சுமார் 1.8 விநாடிக்கு ஒரு முறை, அதாவது 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்று. தூசி இல்லை, கழுவியும் போகவில்லை. அழுத்தும்போது பிவிசி அச்சை முழுசாக நிரப்பாததால், ஊசி ஓடுகிற பள்ளம் சரியாக உருவாகாமல் போன கோளாறு இது. கறுப்பில் இந்த இரண்டும் இல்லை, சுத்தமாக ஓடுகிறது.

இதை வைத்து நிறத் தட்டு எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. பிவிசிக்குக் கறுப்பு இயல்பான நிறமே கிடையாது, கார்பன் பொடி சேர்ப்பதால்தான் கறுப்பாகிறது, ஒரே நிறத்தில் வரும் தட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே ஒலிக்கின்றன. இருட்டில் ஒளிரும் தட்டும், படத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பிக்சர் டிஸ்க்கும்தான் இரைச்சலுக்குப் பேர்போனவை. அவை சுவரில் மாட்டத்தான். ஹார்ட்கோருக்கு இயற்கையாகவே ஒரு வசதியும் உண்டு: ஆல்பம் மொத்தமே இருபது, இருபத்தைந்து நிமிடம், ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், பள்ளங்களை அகலமாகவும் ஆழமாகவும் வெட்ட இடம் தாராளம். இந்த ஆல்பத்தையும் நல்ல சத்தமாக வெட்டியிருக்கிறார்கள். கறுப்பைப் போட்டால் டிரம்ஸ் நெஞ்சில் இறங்குகிறது.

எனக்கு உறுத்துவது இந்த 200 என்ற கணக்கு. ஹார்ட்கோரில் பிரதிகள் குறைவாக இருந்ததற்கு முன்பெல்லாம் ஒரு காரணம் இருந்தது. 1980இல் வாஷிங்டனில் டிஸ்கார்ட் லேபிள் தி டீன் ஐடில்ஸ் என்ற பேண்டின் 7 இன்ச் சின்னத் தட்டை முதல் வெளியீடாகக் கொண்டுவந்தபோது 1000 பிரதிதான் அடித்தார்கள், கச்சேரிகளில் சேர்த்த காசு அவ்வளவுதான், உறையைக்கூடத் தாங்களே வெட்டி மடித்து ஒட்டினார்கள், பேண்ட் அதற்குள் கலைந்தே போயிருந்தது. நியூயார்க்கின் ஜட்ஜ் என்ற பேண்டின் கதை இன்னும் ருசியானது. முதல் ஆல்பத்தைச் சங் கிங் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள், கேட்டால் பிடிக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஸ்டூடியோவில் முதலிலிருந்து பதிந்தார்கள். காத்திருந்து சலித்துப்போன ப்ரீஆர்டர்காரர்களைச் சமாதானப்படுத்த, பிடிக்காத அந்தப் பதிவை 1989இல் வெள்ளை வினைலில் சுமார் 110 பிரதி அடித்துக் கொடுத்தார்கள், ஸ்டூடியோவைத் திட்டித் தலைப்பும் வைத்து. இன்று அது பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. அதில் உள்ளது வேறு பதிவு, அதனால் அதைத் துரத்துவது எனக்குப் புரிகிறது. ஒரே பதிவை மூன்று நிறத்தில் ஊற்றி, அதில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே குறைத்து விற்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சரி, சின்ன லேபிள், ப்ரீஆர்டர் பணத்தில்தான் அச்சுக்கூடத்துக்குக் கட்ட வேண்டும், அரிதான நிறம் இருந்தால்தான் ஆர்டர் சீக்கிரம் வருகிறது. இந்த நியாயம் தெரியாமல் இல்லை. ஆனால் அதன் பலன் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். தட்டு கைக்கு வந்து சேரும் முன்பே இசைத்தட்டுகள் கைமாறும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஸ்ப்ளாட்டர் மூன்று மடங்கு விலையில் நிற்கிறது. அந்தக் கூடுதல் காசில் பேண்டுக்கு ஒரு பைசா வராது.

என் தீர்ப்பு: பாட்டுக்கு முழு மதிப்பெண். கறுப்புப் பதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இன்னும் கையிருப்பு இருக்கிறது. சிவப்பை வாங்கிய இரண்டு நண்பர்கள் நன்றாக ஓடுகிறது என்கிறார்கள், நான் கேட்கவில்லை. ஸ்ப்ளாட்டரை மறுவிற்பனையில் வாங்கவே வேண்டாம். நிறம் நிறமாக எல்லாவற்றையும் சேர்த்தே தீர வேண்டும் என்கிற ஆள் என்றால் காசைக் கொடுக்கும் முன் பி பக்கம் சுற்றும்போது ஊசிக்கை தெரிகிற மாதிரி ஒரு வீடியோ கேளுங்கள், அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். லேபிளுக்கு எழுதினேன், மறுநாளே பதில் வந்தது. ஸ்ப்ளாட்டர் ஒன்றுகூட மிச்சமில்லையாம், பதிலுக்குக் கறுப்பு அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள்.